போர்க்காலக் கடல்வழிகளும் சரக்குக் கப்பல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகப் போர்களின் கடற்பகுதியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய இதே ஐயங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் இருக்கின்றன. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மீண்டும் சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

கடற்போர் என்றால் போர்க்கப்பலும் போர்க்கப்பலும் மோதுவதுதானே? சரக்குக் கப்பல்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

போர்க்கப்பல்கள் எதற்காக மோதுகின்றன என்று ஒரு படி பின்னால் போய்க் கேட்டால், பெரும்பாலும் சரக்குக் கப்பல்களில்தான் வந்து நிற்போம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு பிரிட்டன் ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கும் மேற்பட்ட பொருள்களை இறக்குமதி செய்துவந்தது. உணவில் பாதிக்கு மேலும், எண்ணெயில் ஏறக்குறைய முழுவதும் கடல் தாண்டித்தான் வந்தன. அந்த வழி அடைபட்டால், ஒரு போர்க்கப்பலைக்கூட இழக்காமலேயே அந்த நாடு போரில் தோற்றுவிடும்.

முதல் உலகப் போரையே எடுத்துக்கொள்ளலாம். 1916 மே 31 அன்று ஜட்லாந்து அருகே பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் இரண்டும் சேர்த்துச் சுமார் 250 கப்பல்கள் மோதின. வரலாற்றுப் புத்தகங்களில் அதற்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் அதற்குப் பின்னும் போரின் போக்கு மாறவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில், பெரிய மோதல் எதுவும் நடக்காத ஒரு மாதத்தில், ஏறத்தாழ 8½ லட்சம் டன் அளவுக்குச் சரக்குக் கப்பல்கள் மூழ்கின. அவற்றில் பெரும்பாலானவற்றை வீழ்த்தியவை நீர்மூழ்கிகள். பிரிட்டன் உண்மையிலேயே தோல்வியின் விளிம்புக்குப் போனது அப்போதுதான்.

'கடலைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது' என்கிறார்களே, கடலில் வேலி போட முடியுமா?

முடியாது. நிலத்தைப் பிடித்து வைத்திருப்பதுபோல் கடலைப் பிடித்து வைத்திருக்க யாராலும் இயலாது. தன் கப்பல்கள் போய்வர முடிய வேண்டும், எதிரியின் கப்பல்கள் போய்வர முடியக் கூடாது என்ற இரண்டுதான் அந்தச் சொல்லின் உள்ளடக்கம். இவற்றில் ஒன்றை மட்டும் பெற்றிருப்பதும் சாத்தியமே. ஜெர்மனிக்கு அட்லாண்டிக்கைப் பயன்படுத்தும் ஆற்றல் எந்நாளும் இருந்ததில்லை. பிறர் பயன்படுத்துவதைத் தடுக்கும் ஆற்றல் மட்டும் சில ஆண்டுகள் இருந்தது.

"இத்தனை லட்சம் டன் மூழ்கியது" என்று எழுதுகிறார்கள். அது சரக்கின் எடையா, கப்பலின் எடையா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. கப்பல் இழப்புக் கணக்குகளில் வரும் 'மொத்தப் பதிவு டன்' என்பது கொள்ளளவு. 100 கன அடி இடம் ஒரு டன் என்று கணக்கு. அமெரிக்கர்கள் போரின்போது கட்டிய 'லிபர்ட்டி' வகைக் கப்பலின் பதிவு டன் சுமார் 7,200. அதே கப்பல் ஏற்றிச் செல்லக்கூடிய எடை 10,000 டன்னுக்கும் மேல். முழுச் சுமையோடு அது விலக்கும் நீரின் எடை சுமார் 14,000 டன். ஒரே கப்பலுக்கு மூன்று எண்கள்! போர்க்கப்பல்களுக்கு மட்டும் மூன்றாவது கணக்கையே பயன்படுத்துவார்கள். எனவே ஒரு நூலின் எண்ணை இன்னொரு நூலின் எண்ணோடு ஒப்பிடுமுன் எந்த டன் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்மன் நீர்மூழ்கிப் படையின் தலைவர் கார்ல் டோனிட்ஸ் தம் போர்த்திட்டத்தையே இந்தக் கணக்கின் மீதுதான் கட்டினார். மாதத்துக்கு 7 லட்சம் டன் மூழ்கடித்துக்கொண்டே இருந்தால், எதிரி கட்டுவதைவிட இழப்பது மிகுந்து, பிரிட்டன் மண்டியிடும் என்பது அவருடைய மதிப்பீடு. கப்பல் எங்கே மூழ்கியது, அதில் சரக்கு இருந்ததா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டில்லை. காலிக் கப்பலும் கப்பல்தான். இது கூர்மையான சிந்தனை என்றே கருதுகிறேன். அதன் ஓட்டை எங்கே இருந்தது என்பதைப் பின்னால், கப்பல் கட்டுவதைப் பற்றிய கேள்வியில் காணலாம்.

சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போனால் எதிரிக்கு வேலை எளிதாகிவிடாதா? தனித்தனியே சிதறிப் போவதுதானே பாதுகாப்பு?

எல்லாக் கேள்விகளிலும் மிகுதியாகக் கேட்கப்படுவது இதுதான். கடற்படைத் தளபதிகளே பல ஆண்டுகள் இப்படித்தான் நம்பினார்கள். ஆனால் நீர்மூழ்கிக்கு முதல் சிக்கல் இலக்கைச் சுடுவதில் இல்லை, கண்டுபிடிப்பதில் இருக்கிறது. தனியாகச் செல்லும் ஒரு கப்பல் 10 கடல் மைல் தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். கான்வாய் (போர்க்கப்பல்களின் காவலில் கூட்டமாகச் செல்லும் சரக்குக் கப்பல் அணி) 4 மைல் அகலம் இருந்தால், அதன் நடுவிலிருந்து அளக்கும்போது, சுமார் 12 மைல் தொலைவிலிருந்து தெரியும். 40 கப்பல்கள் தனித்தனியே சென்றால், 10 மைல் ஆரமுள்ள 40 வட்டங்கள் கடலெங்கும் பரவிக் கிடக்கும்; அவை சேர்ந்து சென்றால், சற்றே பெரிய ஒரே வட்டம். ஆயிரக்கணக்கான மைல் பரப்பில் அந்த ஒரு வட்டத்தைத் தவறவிடுவது மிக எளிது. பெரும்பாலான கான்வாய்களை எதிரி கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

கண்டுபிடித்துவிட்டாலும், காவல் கப்பல்கள் நிற்கும் இடத்துக்கே நீர்மூழ்கி வந்தாக வேண்டும்; அதைத் தேடிக் கடல் முழுவதும் அலைய வேண்டியதில்லை. ஓரிரு முறை டார்ப்பிடோ (நீருக்குள் பாய்ந்து சென்று கப்பலைத் தகர்க்கும் குண்டு) ஏவியபின் மறுபடி குழாய்களை நிரப்ப நேரம் பிடிக்கும், அதற்குள் எஞ்சியவை கடந்துவிடும். பிரிட்டிஷ் இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட்டின் குழு இதில் இன்னொன்றையும் கணக்கிட்டுக் காட்டியது: 80 கப்பல் கொண்ட கான்வாயின் சுற்றளவு, 40 கப்பல் கொண்டதன் சுற்றளவைவிட ஏழில் ஒரு பங்கு அளவே அதிகம். அப்படியென்றால் அதே எண்ணிக்கைக் காவல் கப்பல்களைக் கொண்டு ஏறக்குறைய இரு மடங்குச் சரக்கைக் காக்கலாம். பெரிய கான்வாய் ஆபத்தானது என்ற பழைய நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது.

அந்த அணிவகுப்பைக் கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருப்பது புரியும். 45 கப்பல் என்றால் ஒன்பது நிரைகள், நிரைக்கு ஐந்து. நிரைகளுக்கு இடையே ஏறக்குறைய 900 மீட்டர். நீளத்தைவிட அகலம் மிகுதி, ஏனென்றால் பக்கவாட்டிலிருந்து வரும் டார்ப்பிடோவுக்கு அப்போதுதான் இலக்கு சுருங்கும். எண்ணெயும் வெடிமருந்தும் ஏற்றியவை உள் நிரைகளில் செல்லும். கடைசியில் மீட்புக் கப்பல். புகை கிளப்பக் கூடாது, இரவில் ஒரு கீற்று வெளிச்சம்கூடக் கசியக் கூடாது. சமையலறைக் கழிவைப் பகலில் கடலில் கொட்டவும் தடை. மிதக்கும் குப்பையைப் பிடித்துக்கொண்டே எதிரி பின்தொடர்ந்து வந்துவிடுவான்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் முதல் உலகப் போரில் 1917 வரை ஏன் செய்யவில்லை?

கணக்குப் பிழை ஒரு காரணம். வாரத்துக்கு 2,500 கப்பல் வருகின்றன, 2,500 புறப்படுகின்றன, இத்தனைக்கும் காவல் தர முடியாது என்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை சொல்லிவந்தது. அந்த எண்ணில் கரையோரமாகத் துறைமுகத்துக்குத் துறைமுகம் தாவும் சிறு படகுகள் எல்லாம் அடக்கம். பெருங்கடலைக் கடந்து வந்தவற்றை மட்டும் பிரித்து எண்ணியபோது, வாரத்துக்கு 120 முதல் 140 தான் என்று தெரிந்தது. மிச்சத்தைத் தயக்கம் பார்த்துக்கொண்டது: வணிகக் கப்பல் தலைவர்களால் வரிசை காக்க முடியாது என்ற எண்ணமும், பின்னால் காவல் காப்பதைவிட எதிரியைத் தேடிப்போய் வேட்டையாடுவதே வீரம் என்ற மனப்போக்கும் அதிகாரிகளிடம் ஆழமாக வேரூன்றியிருந்தன. 1917 மேயில் கான்வாய் முறை தொடங்கியது. அதன்பின் கடல் கடந்த கான்வாய்களில் மூழ்கியவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

பெரிய போர்க்கப்பலை வேட்டைக்கு அனுப்பினால் இன்னும் அதிகம் சேதம் செய்யலாமே? எம்டன் செய்யவில்லையா?

எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் செய்தது. 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைத் துறைமுகத்துக்கு அருகே வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு அரை மணி நேரத்துக்குள் மறைந்தது. தொட்டிகள் எரிந்ததைவிடப் பெரிய சேதம், அதன் பிறகு வங்காள விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து முடங்கியதுதான். எங்கே இருக்கிறதென்று தெரியாத ஒரு கப்பல், தான் இல்லாத இடங்களிலும் வேலை செய்தது. ஆனால் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை மடக்கியதும் கதை முடிந்தது. நிலக்கரிக்கும் பழுதுபார்ப்புக்கும் சொந்தத் துறைமுகம் இல்லாத கப்பலுக்கு இதைவிட நீண்ட ஆயுள் கிடைப்பது அரிது.

இரண்டாம் போரிலும் இதேதான். ஜெர்மனியின் 'கிராஃப் ஸ்பே' 1939 இல் ஒன்பது வணிகக் கப்பல்களை மூழ்கடித்தபின் டிசம்பர் 17 அன்று மான்டிவிடியோவுக்கு வெளியே தன்னைத்தானே அழித்துக்கொண்டது. ஜெர்மனியின் 'பிஸ்மார்க்' 1941 மேயில் 'ஹூட்' என்ற பிரிட்டிஷ் பெருங்கப்பலை வீழ்த்தியது உண்மை. ஆனால் அது அட்லாண்டிக்குக்கு வந்தது சரக்குக் கப்பல்களுக்காக. அவற்றில் ஒன்றைக்கூடத் தொடாமலேயே மே 27 அன்று மூழ்கியது.

ஓநாய்க் கூட்டம் என்கிறார்களே, அது எப்படி நடந்தது? சோனார் இருந்தும் ஏன் பிடிக்க முடியவில்லை?

அக்கால நீர்மூழ்கி, தேவைப்படும்போது சிறிது நேரம் மூழ்கக்கூடிய ஒரு டார்ப்பிடோப் படகு; அவ்வளவுதான். ஜெர்மனியின் ஏழாம் வகை நீர்மூழ்கி மேற்பரப்பில் டீசலில் 17 நாட் (மணிக்கு 17 கடல் மைல்) வேகம் போகும். நீருக்கடியில் மின்கலத்தில் ஓடினால் அதிகபட்சம் 7½ நாட், அதுவும் சிறிது நேரத்துக்குத்தான். ஆகவே மெதுவான கான்வாயைக்கூட மூழ்கியபடி துரத்திப் பிடிக்க முடியாது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததும் பிரெஸ்ட், லோரியான், சான்-நசேர் துறைமுகங்கள் டோனிட்ஸின் கைக்கு வந்தன. நீர்மூழ்கிகள் கடலின் நடுப்பகுதிவரை எளிதில் போக முடிந்தது. அவை கான்வாயின் பாதைக்குக் குறுக்கே ஒரு கோடாகப் பரவி நிற்கும். ஒன்று கண்டதும் வானொலியில் தலைமையகத்துக்குச் சொல்லிவிட்டுப் பின்தொடரும்; மற்றவை வந்து சேர்ந்ததும் இரவில், மேற்பரப்பில், எல்லாம் சேர்ந்து தாக்கும். 1940 அக்டோபரில் எஸ்.சி. 7 என்ற கான்வாயின் 35 கப்பல்களில் 20 இப்படிப் போயின.

சோனார் நீருக்கடியில் இருப்பதற்கு ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் கருவி. மேற்பரப்பில் வருபவனிடம் அது தடுமாறும். மூழ்கியவனிடமும், மிக நெருங்கியதும் எதிரொலி தப்பிவிடும், நீருக்கடியில் வெடிக்கும் ஆழ்வெடிகளோ கப்பலின் பின்புறத்திலிருந்துதான் விழும்; கடைசி நொடிகளில் காவல் கப்பலுக்குக் கண் இல்லை. முன்னோக்கி 24 சிறு குண்டுகளை வீசும் 'ஹெட்ஜ்ஹாக்' பின்னர் வந்தது இந்த இடைவெளியை அடைக்கத்தான். தொடக்கத்தில் கான்வாய்களைக் காத்த 'ஃபிளவர்' வகைக் கார்வெட் (சிறு காவல் கப்பல்) ஒன்றின் வேகம் 16 நாட். துரத்தப்படும் நீர்மூழ்கியைவிடக் குறைவு.

இந்த உத்தியின் பலமே பலவீனமும் ஆனது. கூட்டம் சேர்க்க வேண்டுமானால் பேசியாக வேண்டும். சில நொடிச் செய்தியின் திசையைக்கூடக் காட்டிவிடும் கருவிகள் காவல் கப்பல்களிலேயே பொருத்தப்பட்டன. திசை தெரிந்ததும் ஒரு காவல் கப்பல் அந்தப் பக்கம் பாய்ந்து செல்லும். நீர்மூழ்கி மூழ்கியே ஆக வேண்டும். மூழ்கியதும் அது பின்தங்கிப்போகும். அதை அழிக்க வேண்டும் என்றுகூட இல்லை. கான்வாய் கடந்து போனால் போதும்.

எனிக்மா இரகசியக் குறியீட்டை உடைத்ததால்தானே அட்லாண்டிக்கில் வென்றார்கள்?

எனிக்மா என்பது ஜெர்மனியர் தம் செய்திகளை இரகசியக் குறியீடாக மாற்றிய இயந்திரம். அதை உடைத்தது பெரும் உதவிதான், ஆனால் அது ஒன்றே காரணமென்றால் தேதிகள் ஒத்துவரவில்லை. 1941 மே 9 அன்று யு-110 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து கைப்பற்றிய பொருள்கள், பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கின் பணிக்கு வேகம் கொடுத்தன. அவ்வாண்டின் பிற்பகுதியில் பல கான்வாய்களை எதிரி நிற்கும் இடத்தைச் சுற்றித் திருப்பிவிட முடிந்தது. ஆனால் 1942 பிப்ரவரியில் ஜெர்மனியர் அந்த இயந்திரத்தில் நான்காவது சுழலியைச் சேர்த்ததும் அட்லாண்டிக் நீர்மூழ்கிகளின் செய்திகள் பத்து மாதங்கள் இருண்டன. அந்த இருட்டை நீக்க உதவிய ஏடுகளை, அக்டோபர் 30 அன்று மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559 க்குள் இறங்கி எடுத்துக் கொடுத்தவர்கள் ஃபாசன், கிரேசியர் என்ற இருவர். அவர்கள் வெளியேறுமுன் அது மூழ்கிவிட்டது.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். கான்வாய்களுக்கு நேச நாடுகள் பயன்படுத்திய குறியீட்டை ஜெர்மன் கடற்படையும் 1943 நடுப்பகுதிவரை பெருமளவு படித்துக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவர் கடிதத்தை மற்றவர் பிரித்துப் படித்துக்கொண்டே நடத்திய போர் இது.

அப்படியானால் 1943 மேயில் திடீரென்று என்னதான் மாறியது?

1943 மார்ச்சில் எச்.எக்ஸ். 229, எஸ்.சி. 122 ஆகிய இரு கான்வாய்கள் சேர்ந்து 22 கப்பல்களை இழந்தன. ஜெர்மனி இழந்தது ஒரே ஒரு நீர்மூழ்கி. இரண்டே மாதத்தில் நிலைமை தலைகீழ். மேயில் மட்டும் 41 நீர்மூழ்கிகள் அழிந்தன. 24 ஆம் தேதி டோனிட்ஸ் அவற்றை வடக்கு அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். அதே மாதம் எஸ்.சி. 130 என்ற கான்வாயைச் சூழ்ந்த நீர்மூழ்கிகளால் ஒரு கப்பலைக்கூட மூழ்கடிக்க முடியவில்லை. அந்தச் சண்டையில் அழிந்த யு-954 இல் டோனிட்ஸின் இளைய மகனும் இருந்தார்.

பல ஏற்பாடுகள் ஒரே நேரத்தில் கைகூடியதுதான் காரணம்: சிறிய பொருளையும் காட்டும் 10 செ.மீ. அலைநீள ரேடார், கான்வாயோடு ஒட்டாமல் உதவிக்கு ஓடும் தனிக் காவல் அணிகள், சிறு விமானந்தாங்கிகள், மேலே சொன்ன திசைகாட்டிக் கருவிகள். ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் நான் விமானத்தைச் சொல்வேன். கரையிலிருந்து கிளம்பும் விமானம் எட்டாத ஒரு பகுதி கடலின் நடுவில் இருந்தது; ஓநாய்க் கூட்டங்கள் அங்கேதான் வேட்டையாடின. கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய 'லிபரேட்டர்' விமானங்கள் அந்த இடைவெளியை மூடின. அதற்குத் தேவைப்பட்டது சில டஜன் விமானங்களே. ஆனால் குண்டுவீச்சுப் படை அவற்றை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இழுத்தடித்தது.

அமெரிக்கா மூழ்குவதைவிட வேகமாகக் கப்பல் கட்டியது என்கிறார்களே. பிறகு எதற்கு இந்தக் காவலெல்லாம்?

கட்டியது உண்மை. 1941 செப்டம்பரில் முதல் லிபர்ட்டி கப்பல் நீரில் இறங்கியது. போர் முடிவதற்குள் 2,700 க்கும் மேல் கட்டிவிட்டார்கள். பாகங்களைத் தனித்தனியே செய்து கொண்டுவந்து பற்றவைத்துச் சேர்த்ததால், தொடக்கத்தில் பல மாதம் பிடித்த வேலை சில வாரங்களுக்குச் சுருங்கியது. விளம்பரத்துக்காக ஒன்றை ஐந்து நாளுக்குள்ளேயே நீரில் இறக்கிக் காட்டினார்கள். டோனிட்ஸின் கணக்கில் இருந்த ஓட்டை இதுதான்: எதிரி எவ்வளவு கட்டுவான் என்று அவர் போட்ட எண் மிகச் சிறியது.

ஆனால் கப்பல் மட்டும் சரக்கைக் கொண்டுவந்துவிடாது. அதை ஓட்டத் தெரிந்தவர்கள் வேண்டும். பயிற்சி பெற்ற மாலுமியை ஐந்து நாளில் செய்ய முடியாது. மூழ்காத கப்பலும் நேரத்தை இழந்தது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கான்வாய் சேரும்வரை காத்திருக்க வேண்டும், கூட்டத்தில் மிக மெதுவான கப்பலின் வேகத்தில் செல்ல வேண்டும், எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்ந்ததும் துறைமுகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். 1940 இல் லண்டனும் கிழக்குக் கரையும் ஆபத்தானதால், சரக்கு முழுவதும் லிவர்பூல், கிளைடு போன்ற மேற்குத் துறைமுகங்களில் குவிந்து நெரிந்தது. ஒரு கப்பல் ஆண்டுக்கு எட்டு நடை போவதற்குப் பதில் ஆறு நடை போனால், அது நான்கில் ஒரு பங்கு மூழ்கியதற்குச் சமம்.

ஒரு குண்டுகூடச் சுடாமல் டிர்பிட்ஸ் ஒரு கான்வாயை அழித்ததாகப் படித்தேன். உண்மையா?

ஏறக்குறைய உண்மை. சோவியத் யூனியனுக்கு ஆர்க்டிக் வழியாகச் சென்ற பி.க்யூ. 17 கான்வாய் அது. டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் பெரும் போர்க்கப்பல் நார்வேயிலிருந்து கிளம்பிவிட்டது என்று அஞ்சி, 1942 ஜூலை 4 அன்று லண்டனிலிருந்த கடற்படைத் தலைவர் டட்லி பவுண்ட் கான்வாயைக் கலைந்து போகச் சொன்னார். காவல் கப்பல்கள் மேற்கே திரும்பின. கலைந்த கப்பல்களை விமானங்களும் நீர்மூழ்கிகளும் ஒவ்வொன்றாக வேட்டையாடின. 35 இல் 24 மூழ்கின. 430 டாங்கிகள், 210 விமானங்கள், 3,350 வண்டிகள் கடலடிக்குப் போயின. டிர்பிட்ஸ் மறுநாள்தான் புறப்பட்டது, வழியிலேயே திரும்பிவிட்டது.

சிதறிப் போவது பாதுகாப்பு என்று மேலே கேட்டவருக்கு இதைவிடத் தெளிவான விடை வரலாற்றில் இல்லை.

மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவுக்குப் போன கான்வாயில் 14 இல் 9 கப்பல் போய்விட்டன. அதை எப்படி வெற்றி என்கிறார்கள்?

1942 ஆகஸ்டின் 'பெடஸ்டல்' நடவடிக்கையில் 14 வணிகக் கப்பல்கள் கிளம்பி 5 தான் வந்து சேர்ந்தன. 'ஈகிள்' விமானந்தாங்கி உட்படப் போர்க்கப்பல்களும் மூழ்கின. டன் கணக்கில் இது அப்பட்டமான தோல்வி. ஆனால் அந்த ஐந்தில் ஒன்று 'ஒஹையோ' என்ற எண்ணெய்க் கப்பல். முதுகு முறிந்து, மேல்தளம் ஏறக்குறைய நீர்மட்டத்துக்கு இறங்கிவிட்ட நிலையில், இருபுறமும் நாசகாரிக் கப்பல்களைக் கட்டி மூழ்காமல் தாங்கிக்கொண்டு ஆகஸ்ட் 15 அன்று அதை உள்ளே இழுத்து வந்தார்கள். அந்த எரிபொருள் வராவிட்டால் மால்டா சரணடைய வேண்டியிருந்திருக்கும். வந்ததால் மால்டாவின் விமானங்களும் நீர்மூழ்கிகளும் வட ஆப்பிரிக்காவில் போரிட்ட ஜெர்மன் தளபதி ரோமெலின் எண்ணெய்க் கப்பல்களைத் தொடர்ந்து மூழ்கடித்தன. எகிப்தின் எல் அலமைனில் நடந்த சண்டையில் அவர் எரிபொருளுக்குத் தவித்ததற்கு அதுவும் ஒரு காரணம். எத்தனை மூழ்கின என்பதைவிட எது வந்து சேர்ந்தது என்றே கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இத்தனை வலுவான கடற்படை இருந்தும் ஜப்பான் ஏன் தன் சரக்குக் கப்பல்களைக் காக்கவில்லை?

ஒரே பெரும் சண்டையில் எதிரியின் படையை நொறுக்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்ற கோட்பாட்டில் வளர்ந்த கடற்படை அது. காவல் பணிக்குத் தனித் தலைமையகம் அமைத்ததே 1943 நவம்பரில்தான். போர் தொடங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து. போர்னியோ, சுமத்ரா எண்ணெய்க்காகப் போரில் இறங்கிய நாடு, அந்த எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுவரும் வழியைக் காக்க மறந்தது விந்தைதான். சுமார் 60 லட்சம் டன் வணிகக் கப்பல்களோடு தொடங்கிய ஜப்பானிடம் இறுதியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இழப்பில் பாதிக்கு மேல் அமெரிக்க நீர்மூழ்கிகளின் வேலை. அவற்றில் பணியாற்றியவர்கள் அக்கடற்படையில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. அதுவும் முதல் இரண்டு ஆண்டுகள் பழுதான டார்ப்பிடோக்களோடு! 1943 ஜூலையில் 'டினோசா' என்ற நீர்மூழ்கி ஒரே ஜப்பானியக் கப்பல்மீது 15 டார்ப்பிடோக்களை ஏவியும் அதை மூழ்கடிக்க முடியவில்லை. பல, உடலில் மோதியும் வெடிக்கவில்லை. கோளாறு நீங்கிய பின் வந்த 1944 ஜப்பானுக்குப் பேரிழப்பின் ஆண்டு. 1945 மார்ச் முதல் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஷிமோனோசெகி நீரிணையிலும் துறைமுக வாயில்களிலும் கடற்கண்ணிகளை விதைத்து மிச்சத்தையும் அடைத்தன.

ஆயுதமில்லாத வணிகக் கப்பலை எச்சரிக்காமல் மூழ்கடிப்பது போர்க்குற்றம் அல்லவா?

1936 லண்டன் உடன்பாட்டின்படி, நிறுத்தச் சொல்லி நின்ற வணிகக் கப்பலை மூழ்கடிக்குமுன் அதிலுள்ளவர்களைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டும். நடுக்கடலில் உயிர்காப்புப் படகில் இறக்கிவிடுவது பொதுவாகப் பாதுகாப்பு ஆகாது. விதி தெளிவானது. ஆனால் வணிகக் கப்பலில் பீரங்கி பொருத்தி, எதிரியைக் கண்டதும் வானொலியில் அறிவிக்கச் சொல்லி, போர்க்கப்பல்களின் காவலில் அனுப்பினால், அது இன்னும் வெறும் வணிகக் கப்பல்தானா என்ற கேள்வி எழுகிறது. நீர்மூழ்கியோ, மேலே வந்து எச்சரித்தால் தானே சாக நேரிடும்.

போருக்குப் பின் நூரெம்பர்க்கில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் டோனிட்ஸுக்குப் பத்து ஆண்டுச் சிறை கிடைத்தது. ஆனால் நீர்மூழ்கிப் போர் விதிகளை மீறியதற்காக அந்தத் தண்டனை அளவிடப்படவில்லை என்று நீதிமன்றமே எழுதியது. பசிபிக்கில் முதல் நாளிலிருந்தே அமெரிக்காவும் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரைத்தான் நடத்தியது என்று அமெரிக்கக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் எழுத்தில் அளித்த பதில் அங்கே வைக்கப்பட்டிருந்தது. சட்டம் செத்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. இரு தரப்பும் மீறிய விதிக்கு ஒரு தரப்பை மட்டும் தண்டிக்க நீதிபதிகள் தயங்கினார்கள்.

கப்பல்களில் வேலை செய்தவர்கள் யார்? அவர்கள் படைவீரர்களா?

இல்லை; சம்பளத்துக்கு வந்த தொழிலாளர்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் சென்றவர்களில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 1941 மேவரை, கப்பல் மூழ்கிய நாளோடு சம்பளமும் நின்றுவிடும் என்பதே நடைமுறை. படகில் தத்தளித்த நாள்களுக்குக் கூலி இல்லை. அக்கப்பல்களில் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்த மாலுமிகள் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் எஞ்சின் அறையிலும் தளத்திலும், வெள்ளையரைவிட மிகக் குறைந்த கூலிக்கு வேலை செய்தார்கள். எஞ்சின் அறையில் இருந்தவர்களுக்கு டார்ப்பிடோ தாக்கினால் மேலே ஏறவே நேரம் இருக்காது.

1943 வங்கப் பஞ்சத்துக்கும் கப்பல் பற்றாக்குறைக்கும் தொடர்பு உண்டா, அல்லது அது சாக்குத்தானா?

இரண்டிலும் உண்மை இருக்கிறது. 1942 இல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை வங்காள விரிகுடாவில் சில நாள்களில் 20 க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. ஜப்பானியர் இறங்கினால் பயன்படுத்திவிடுவார்கள் என்று பிரிட்டிஷ் நிர்வாகம் கரையோர வங்கத்தில் நாட்டுப் படகுகளைப் பறித்தும் அழித்தும் உள்ளூர்ப் போக்குவரத்தைத் தானே முறித்தது. வழங்கல் வழி மூன்று பக்கமும் அறுந்தது.

ஆனால் பற்றாக்குறை வேறு, பங்கீடு வேறு. 1943 ஜனவரியில் பிரிட்டனின் சொந்த இறக்குமதிக்காக இந்தியப் பெருங்கடலுக்குச் செல்லும் கப்பல்களை லண்டன் பெருமளவு வெட்டியது. உணவு அனுப்பக் கோரி வைஸ்ராய்கள் லின்லித்கோவும் வேவலும் விடுத்த வேண்டுகோள்கள் மறுக்கப்பட்டன, அல்லது கேட்டதில் ஒரு பகுதியே கிடைத்தது. அதே ஆண்டில்தான், மேலே சொன்னபடி, அட்லாண்டிக்கில் ஆபத்து தணிந்து புதுக் கப்பல்கள் குவிந்துகொண்டிருந்தன. இறந்தோர் 20 முதல் 38 லட்சம் என மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. போர்க்காலத்தில் கப்பலை எந்த வழிக்கு ஒதுக்குவது என்ற முடிவு, யார் உண்பது என்ற முடிவாகவும் இருந்தது.

செயற்கைக்கோளும் ஏவுகணையும் வந்துவிட்ட காலத்தில் கான்வாய்க்கு இனி என்ன வேலை?

பரந்த கடலில் ஒளிந்துகொள்ளும் நன்மை பெருமளவு போய்விட்டது. காவலை ஓரிடத்தில் குவிக்கும் நன்மை இன்னும் இருக்கிறது, குறிப்பாக எல்லோரும் கடந்தே ஆக வேண்டிய குறுகிய நீரிணைகளில். ஈரான்-ஈராக் போரில் 1984 முதல் 1988 வரை பாரசீக வளைகுடாவில் 400 க்கும் மேற்பட்ட கப்பல்கள் தாக்கப்பட்டதால், 1987 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை குவைத் எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவல் தரத் தொடங்கியது. முதல் பயணத்திலேயே, 24 ஆம் தேதி, காக்கப்பட்ட 'பிரிட்ஜ்டன்' கடற்கண்ணியில் மோதியது. அது மூழ்கவில்லை. அதன்பின் மெல்லிய உடல் கொண்ட போர்க்கப்பல்கள் அந்தப் பெருங்கப்பலுக்குப் பின்னால் வரிசையாக ஒதுங்கிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தன.

2023 நவம்பர் முதல் செங்கடலில் ஏமனின் ஹூதிக் கிளர்ச்சியாளர்கள் நடத்திய தாக்குதல்களில் மூழ்கிய கப்பல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அமெரிக்க, ஐரோப்பியப் போர்க்கப்பல்கள் ஏவுகணைகளையும் டிரோன்களையும் வானிலேயே வீழ்த்தின. அப்படியும் பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் வழியை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாள் அளவுக்கு நீண்டது. போர்க்கால ஆபத்துக்கான காப்பீட்டுக் கட்டணம் ஏறியபோது, எந்த வழியில் போவது என்பதைக் கப்பல் உரிமையாளர்களும் காப்பீட்டாளர்களும் தீர்மானித்தார்கள். கடற்படைகளால் அவர்களை வற்புறுத்த முடியவில்லை.